மாத்திரை அட்டையின் எந்த முனை உங்கள் கைக்கு வருகிறது?

அரை அட்டை கேட்டால் மெடிக்கல் ஷாப்பில் பேட்ச் எண் இல்லாத பக்கத்தை வெட்டித் தருவதுதான் வழக்கம். எண்ணும் எக்ஸ்பைரியும் இருக்கும் முனை கடையிலேயே தங்கிவிடும். மருந்து அசலா போலியா என்று பார்க்க உதவுவது அந்த முனைதான். முடிந்தவரை முழு அட்டையாக வாங்குங்கள். உதிரியாகத்தான் வேண்டுமென்றால், வெட்டும் முன் அந்த முனையைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் எதிர் முனையிலிருந்தே பிரித்து வாருங்கள்.

அடுத்தது பில். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம் மூன்றையும் கவுன்ட்டரிலேயே அட்டையோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றாலே போலி என்று பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் பழைய ஸ்டாக்கைத் தட்டியிருக்கலாம். ஆனால் திருத்திய பில் இல்லாமல் நகராதீர்கள். பின்னால் புகார் என்று போனால் கைகொடுப்பது அதுதான். பில் வேண்டாமென்றால் விலையைக் குறைப்பதாகச் சொல்லும் கடையை விட்டுவிடுங்கள். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையும் வேண்டாம்.

டோலோ, தைரோநார்ம் போன்ற 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம். ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதிகள், உரிம எண் எல்லாம் வர வேண்டும். ஸ்கேன் ஆனதுமே அசல் என்று நம்பிவிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பார்கோடு, கியூஆர் கோடு இரண்டையும்கூட நகலெடுக்க முடியும். திரையில் வரும் பேட்ச் எண்ணை அட்டையோடு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அந்த 300 பிராண்டுகளில் இல்லாத மருந்துக்கு இந்தக் கோடுகள் இல்லாதது குற்றமில்லை. மலிவான ஜெனரிக் என்பதாலும் சந்தேகப்பட வேண்டாம். போலி செய்பவர் குறிவைப்பது நன்றாக விற்கும் பிராண்டைத்தான்.

அசல் மருந்தும் சென்னை வெயிலில் கெடும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கடைக்காரர் அதை ஃபிரிட்ஜிலிருந்துதான் எடுக்கிறாரா என்று கவனியுங்கள். கொண்டுவரும்போது ஐஸ் பேக் நேரடியாகப் படாமல் துணி சுற்றுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், பார்க்கத் தெளிவாக இருந்தாலும், வீண்தான்.

சந்தேகம் வந்தால் பிரஷர், வலிப்பு மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, வேறு கடையில் வேறு பேட்ச் வாங்கித் தொடருங்கள். மிச்சத்தை அட்டையும் பில்லுமாக எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். 1940 மருந்துகள் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்கும் தரலாம். மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவியுங்கள்.