பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் போகிறவர்களுக்கு

கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சந்தை ஊர் இது. இங்கிலாந்தின் பெரிய மடாலயங்களுள் ஒன்று இங்கேதான் இருந்தது. 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மூடப்பட்டது.

செயின்ட் மேரி தேவாலயத்துக்கு நேராகப் போய்விடாதீர்கள். முதலில் ஏஞ்சல் ஹில் சதுக்கத்தின் பக்கமுள்ள பழைய நுழைவாயில் வழியாக மடாலயத் தோட்டத்துக்குள் செல்லுங்கள், கட்டணம் இல்லை. 1327-இல் ஊர் மக்கள் கலகம் செய்து மடாலயத்தைத் தாக்கிய பிறகு புதிதாகக் கட்டப்பட்ட வாயில் அது.

உள்ளே கரடுமுரடாக நிற்கும் தூண்களை மொட்டைப் பாறை என்று கடந்துவிட வேண்டாம். செதுக்கிய வெளிக்கற்களை ஊரார் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாம் பார்ப்பது சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த உட்பகுதி. கிட்டப் போய்ப் பாருங்கள், கண்ணாடிபோல் மின்னும் கருநிறச் சக்கிமுக்கிச் சில்லுகள் தெரியும். அடுத்து மடாலயத்தின் மேற்கு முகப்பு. அந்தப் பாழடைந்த சுவருக்குள்ளேயே சன்னலும் கதவும் வைத்து வீடு கட்டியிருக்கிறார்கள்! முகப்பு மேற்கே பார்ப்பதால் மாலை வெயிலில் படம் நன்றாக வரும்.

செயின்ட் மேரி தேவாலயத்துக்குச் சிறிய பைனாகுலர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மரக்கூரையில் வரிசையாக நிற்கும் தேவதூதர்களை வெறும் கண்ணால் பார்த்தால் பாதி அழகு போய்விடும். எட்டாம் ஹென்றியின் தங்கை மேரியின் கல்லறையும் அங்கேதான். 1533-இல் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர், அது மூடப்பட்டபின் இங்கே மாற்றப்பட்டார்.

சந்தை கூடுவது புதனும் சனியும்.