காய்ச்சல் விட்டதும் "சரி" போடாதீர்கள்

போன வாரம் எங்கள் தோட்டத்து டிவிசனில் புதிதாகச் சேர்ந்த சுகாதாரத் தொண்டர் பிள்ளை ஒன்று, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாயியிடம், "அதான் காய்ச்சல் விட்டிருச்சே அப்பாயி, நாளைக்கு மலைக்கு வேலைக்குப் போங்க" என்றது. எனக்குச் சுருக்கென்றது. 2021இல், கொரோனாக் காலத்தில், இதே பேச்சை நானும் பேசியவன். கை கழுவுவது, இருமும்போது வாயைப் பொத்துவது எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம், அதை இங்கே எழுதப்போவதில்லை. கொரோனாவில் நாம் விடுகிற மற்றப் பிழைகளைத்தான் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கொரோனா என்றால் ஒன்றுதான் என்று நினைப்பது

மனிதரைத் தொற்றுவதாக இதுவரை நன்கு தெரிந்த கொரோனா வைரஸ்கள் ஏழு. அதில் நான்கு (229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1) பெரும்பாலும் சாதாரணத் தடிமனோடு விட்டுவிடும்; பிள்ளைமடுவத்தில் மூக்கொழுகும் பிள்ளைகளில் சிலருக்கு அதுதான் இருக்கும், யார் பரிசோதிக்கிறார்கள்? மற்ற மூன்று: 2002இல் கிளம்பி 2003இல் அடங்கிய சார்ஸ், 2012இல் தெரியவந்த, ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் மேர்ஸ், அப்புறம் 2019 கடைசியில் வந்த கோவிட். சார்ஸ் வந்தவர் நோய் முற்றிப் படுத்த பிறகுதான் அதிகம் பரப்பினார், அவரைத் தனியே வைத்தே அதை அடக்க முடிந்தது. கோவிட் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பரவிவிடும். "கொரோனா சும்மா தடிமன்" என்பவரும் "கொரோனா வந்தால் சாவு" என்பவரும் ஒரே இஸ்தோப்பில் நின்று சண்டை பிடிப்பது, இந்த ஏழுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான்.

மிச்சமிருக்கும் அண்டிபயோட்டிக்கைக் கொடுப்பது

அது பக்டீரியாவுக்கு. இது வைரஸ்.

காய்ச்சல் விட்டால் ஆள் தேறிவிட்டார் என்று எழுதுவது

இது என் பிழை. எங்கள் தோட்டத்துக் கங்காணி ஒருவருக்குக் கோவிட், ஐம்பத்தெட்டு வயது, சீனி வருத்தமும் உண்டு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார், என்னைக் கேலி பேசினார். ஏழாம் நாள், இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் விரல் மெஷினை வைத்தேன், 88 காட்டியது, அது ரொம்பக் குறைவு. ஆள் மூச்சு வாங்கவில்லை, அப்போதுதான் பீலியில் முகம் கழுவிவிட்டு வந்திருந்தார், கை ஐஸ் மாதிரி. குளிர்ந்த விரலில் மெஷின் தப்பாகக் காட்டும் என்பது எனக்குத் தெரியும், நுவரெலியாப் பக்கம் அது தினப்படி நடப்பது, அதனால் கொப்பியில் "கை குளிர், ஆள் சரி" என்று எழுதிவிட்டு அடுத்த லயத்துக்குப் போய்விட்டேன். ஒரு நிமிடம் கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மறுநாள் இரவு உதடு நீலம் பாரித்தவரை லொறியில் ஏற்றினோம். மூன்று கிழமை ஒட்சிசனில் இருந்து பிழைத்து வந்தார், ஆனால் இன்றைக்கும் மேட்டு லயத்துக்கு ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறார். என்னைக் கண்டால் அதே சிரிப்பு வேறு. கோபித்துக்கொண்டாலாவது தேவலை.

அவர் ஏன் மூச்சு வாங்கவில்லை? மூச்சு முட்டுகிறது என்று மூளைக்கு முதலில் சொல்வது காபனீரொட்சைட்டு கூடுவதுதான், ஒட்சிசன் குறைவதல்ல. கோவிட்டில் நுரையீரல் பழுதாகத் தொடங்கும்போது காபனீரொட்சைட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஒட்சிசன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். அது பெரும்பாலும் முதல் கிழமை முடிகிற நேரம். முதலில் வைரஸ் பெருகும், பிறகு அதை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பே அளவு மீறிப்போய் நுரையீரலைப் புண்ணாக்கும். ஒட்சிசன் தேவைப்பட்டவர்களின் சாவை, உடம்பின் அந்த அளவு மீறிய எதிர்ப்பைத் தணிக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து குறைத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். "முன்கூட்டியே அந்த மருந்தை ஊசியாகப் போட்டுவிடுங்க" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே நாளை எண்ணுங்கள், பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து. ஐந்து முதல் பத்து வரை தினமும் மெஷின். பேர் (நாட்கூலி) போய்விடும் என்று ஆறாம் நாளே மலை ஏறப் பார்ப்பவரையும் பிடித்து உட்கார வையுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழியுங்கள், கையைச் சூடாக்குங்கள். கறுத்த தோலில் மெஷின் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும், நாம் பலரும் அந்தக் கணக்குத்தான். இந்த உயரத்தில் சுகமாக இருப்பவருக்கே கொழும்பைவிட ஒன்றிரண்டு குறைவாக வரலாம், அதனால் வீட்டில் நோயில்லாத ஒருவரின் விரலிலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடி 96, நாற்பது எட்டு எடுத்து வைத்து நடந்தால் 92 என்றால் ஆஸ்பத்திரிதான், அவர் எவ்வளவு கேலி பேசினாலும்.

கொத்தமல்லியை மருந்தென்று நம்புவது

தொண்டைக்கு இதம், குடியுங்கள். 2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவைக் குணமாக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு நாட்டு மருந்துப் பாணிக்காக ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து நின்றார்களே, பாணியைவிட அந்த நெரிசல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருமுறை வந்தால் இனி வராது என்பது

வரும். தடிமன் கொடுக்கும் அந்த நான்கும் ஆளை விட்டு விட்டுத் திரும்பத் திரும்பப் பிடிப்பவைதான்.