குப்பையும் கழிவெண்ணெயும் படிந்த காணியை மீட்க அரச உதவியை நாடும் முறை

கொழும்பிலும் கொலன்னாவையிலும் சதுப்பைக் குப்பையால் நிரப்பி மேடாக்கிய காணிகளும், பற்றரி உருக்கிய கொட்டில்களும் கராஜ்களும் இருந்த வளவுகளும் வீடு கட்டுவதற்கென்று விலை பேசப்படும்போது, அரச உதவி என்றதும் பலர் பணத்தையே எதிர்பார்க்கின்றனர். ஆனால் முதலில் கேட்டுப் பெறவேண்டியது மண்ணில் என்ன இருக்கிறது என்பதற்கான எழுத்துச் சான்றே. அது கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் உங்கள் கோரிக்கை அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளப்படும்.

காணிப் பதிவகத்தில் முன்னைய உரிமையாளர்களின் விபரத்தையும், நில அளவைத் திணைக்களத்தில் பழைய படங்களையும் பெறுங்கள். அங்கே தொழிற்சாலை இயங்கியிருந்தால், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வழங்கப்பட்டதா, முறைப்பாடுகள் இருந்தனவா என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் உங்கள் மாநகர அல்லது நகர சபையிடமும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

அடுத்தது பரிசோதனை, இதில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுகூடத்திடம் "மண்ணைப் பாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பற்றரியின் ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கும், எண்ணெய் கீழிறங்கிக் கிணற்று நீரை அடையும், குப்பை நிரப்பிய நிலத்தில் தீப்பற்றக்கூடிய மெதேன் வாயு தரைக்கடியில் சேரும் என்பதால், எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்பதையும் எந்த ஆழத்தில் மாதிரி எடுக்கவேண்டும் என்பதையும் குறிப்பிட்டே கேட்க வேண்டும். விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு ஈயம் மூளையையே பாதிக்கும் என்பதால், செலவைப் பார்த்து இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

நிலத்தின் உறுதிப்பாட்டுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேரைப் பலிகொண்டதை இந்நகரம் மறக்கலாகாது. தாழ்நிலமாயின் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் தேவைப்படலாம். இவ்வறிக்கைகளை இணைத்த பின்னரே நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாநகர அல்லது நகர சபைக்கோ கட்டுமான விண்ணப்பத்தைக் கொடுங்கள்.

மாசாக்கியவர் இன்னும் தொழில் நடத்துகிறார் என்றால், துப்புரவுச் செலவை நீங்களே சுமக்கவேண்டும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், மாசாக்கியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, உயர் நீதிமன்றம் 2019 இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அயலவர்களைப் பாதித்துத் தொடரும் பொதுத் தொல்லைக்கு எதிராக, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தையும் நாடலாம்.

மாசுபட்ட மண்ணை அகற்ற நேர்ந்தால், லொறிக்காரர் சொல்லும் பள்ளத்தில் கொட்ட விடாதீர்கள். எங்கே, எவ்வாறு அகற்றுவது என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் எழுத்தில் அறிவுறுத்தல் பெற்று, ஏற்றிச்சென்ற பற்றுச்சீட்டுகளைக் காணி உறுதியுடன் சேர்த்து வையுங்கள்.