ரவுட்டர் பெட்டி வாங்கும்முன் வாட்டைப் பாருங்கள்

சின்னக் கணினி ஒன்றையே வீட்டு இணையத்துக்கு ரவுட்டராக ஆக்கிக்கொள்ளலாம். அப்படி நான் செய்த முதல் ரவுட்டர் ஒரு பழைய டெஸ்க்டாப். இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் சொருகி, ஓபிஎன்சென்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருளை ஏற்றினேன், அருமையாக ஓடியது. அடுத்த கரண்ட் பில் வந்ததும்தான் வாட் மீட்டர் வாங்கிச் சொருகிப் பார்த்தேன். 60 வாட். இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு அப்போது கிடைத்த 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அந்தப் பெட்டியே தின்றிருக்கிறது.

இப்போது இருப்பது இன்டெல் என்100 ப்ராசசர் போட்ட, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி. விளம்பரத்தில் போடும் 6 வாட் சிப்புக்கு மட்டுமான கணக்கு. ரேம், எஸ்எஸ்டி, நான்கு நெட்வொர்க் போர்ட் எல்லாம் சேர்த்து என் மீட்டர் காட்டுவது 10. இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்தான்.

ஃபேன் வேண்டாம் என்று சொல்வது சத்தத்துக்காக மட்டுமில்லை. எங்கள் தெருப் புழுதியில் ஃபேன் முதலில் முனகும், பிறகு நின்றுவிடும். ஃபேன் இல்லாத பெட்டிக்கு மேல்மூடியே ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியே கடத்தும் உலோகம். அதனால் அது சுடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். பரணில் வைக்காதீர்கள், மேலே துணி போடாதீர்கள். மே மாதத்திலும் ப்ராசசர் 70 டிகிரிக்குள் நின்றால் போதும். அதற்கு மேல் போனால் திறந்து, சிப்புக்கும் மூடிக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மலிவுப் பெட்டிகளில் கோட்டைவிடும் இடம் இதுதான்.

அடுத்து, பலர் பார்க்க மறப்பது: மின் உள்ளீடு. 12 வோல்ட் டிசி பெட்டியாக எடுங்கள். ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ்ஸில் நேராக மாட்டலாம். நானோபை ஆர்4எஸ் என்ற குட்டி ரவுட்டர் பெட்டியும் நல்ல பொருள், கரண்டும் குறைவு. ஆனால் அது 5 வோல்ட், யுஎஸ்பி-சி. 12 வோல்ட் மட்டும் தரும் யுபிஎஸ் அதற்கு உதவாது. யுபிஎஸ் எத்தனை ஆம்பியர் தரும் என்பதைப் பெட்டியோடு வந்த அடாப்டரோடு ஒப்பிடுங்கள். அடாப்டர் முனையில் இருக்கும் பின்னில் 5.5 க்கு 2.1, 5.5 க்கு 2.5 மில்லிமீட்டர் என இரண்டு வகை உண்டு. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, அல்லது லொடலொடவென்று ஆடி, மேசையைத் தட்டினாலே ரீபூட் ஆகும். நான் ஒரு வாரம் ரவுட்டரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

போர்ட் இரண்டு கட்டாயம், ஒன்று இணையத்துக்கு, ஒன்று வீட்டுக்கு; மிச்சத்துக்கு ஒரு சாதாரண ஸ்விட்ச் போதும். ஓபிஎன்சென்ஸ் போடுவதானால் இன்டெல் நெட்வொர்க் சிப் இருப்பது நிம்மதி. ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் ஓட்டுபவர்கள் இன்டெல் ஜே1900 ப்ராசசர் போட்ட பழைய பெட்டியை விட்டுவிடுங்கள், அதில் குறியாக்கத்தை வேகப்படுத்தும் ஏஇஎஸ்-என்ஐ வசதி கிடையாது. வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன்னுக்கு அந்த வசதி தேவையே இல்லை. வைஃபையை இந்தப் பெட்டியில் தேடாதீர்கள். பழைய ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்கியவுடன் பெட்டியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் நுழைந்து, கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். நான் வைக்கவில்லை. யுபிஎஸ்ஸும் தாங்காத ஒரு நீண்ட பவர்கட்டுக்குப் பிறகு, வெளியூரிலிருந்து அம்மாவிடம் போனில், "அந்தக் கருப்புப் பெட்டில பின்னாடி ஒரு சின்ன பட்டன் இருக்கும்மா" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அம்மா அழுத்தியது இன்வெர்ட்டர் பட்டனை.