மில்லிவோல்ட், வோல்ட், கிலோவோல்ட்: டிராக்டர் பேட்டரியை வைத்து ஒரு கணக்கு

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், முதலில் வரும் யோசனை புது பேட்டரிதான். எங்கள் வண்டிக்கும் அதையே சொன்னார்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் நன்றாகவே இருந்தது. கோளாறு, பேட்டரியில் கேபிள் மாட்டும் டெர்மினலில். அதைப் பிடிக்க மில்லிவோல்ட்டை வோல்ட்டாக மாற்றத் தெரிந்தால் போதும்.

1. ஆயிரக் கணக்கு
1000 மைக்ரோவோல்ட் ஒரு மில்லிவோல்ட். 1000 மில்லிவோல்ட் ஒரு வோல்ட். 1000 வோல்ட் ஒரு கிலோவோல்ட். சின்ன அலகுக்குப் போனால் பெருக்கு, பெரிய அலகுக்குப் போனால் வகு. தெரு டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் 11000/433 என்றிருந்தால் உள்ளே வருவது 11 கேவி (கிலோவோல்ட்), வெளியே போவது 0.433 கேவி.

2. எப்போதும் வோல்ட் வழியாகப் போங்கள்
0.011 கேவி எத்தனை மில்லிவோல்ட்? முதலில் 11 வோல்ட், அப்புறம் 11,000 மில்லிவோல்ட். ஒரே தாவலில் பத்து லட்சத்தால் பெருக்கினால் சுழியம் தவறும். இதற்கெல்லாம் ஆப் வேண்டாம், கையில் போட்டால்தான் மனதில் நிற்கும்.

3. மல்டிமீட்டரில் உள்ள ‘எம்’
சிக்கல் இங்கேதான். சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. நடுவே நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

கியரை நியூட்ரலில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயத் தண்டிலும், கறுப்பை அதன் மேல் மாட்டிய கிளாம்ப்பிலும் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அந்த இணைப்பில் இழப்பாகும் வோல்ட்டை மீட்டர் காட்டும். எங்கள் வண்டியில் டிசி 20 வோல்ட் ரேஞ்சில் 0.35 காட்டியது. 2000 சின்ன எம் ரேஞ்சில் 350. இரண்டும் ஒன்றுதான்: 350 ÷ 1000 = 0.35 வோல்ட்.

மில்லிவோல்ட்டை வோல்ட்டாக மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுப்பதாக வையுங்கள். 0.35 × 200 = 70 வாட் அந்த இணைப்பிலேயே சூடாகப் போகிறது. 350ஐ அப்படியே போட்டால் 70,000 வாட், அதாவது 70 கிலோவாட்! 45 குதிரைத்திறன் இன்ஜினே 34 கிலோவாட் அளவுதான். விடை இப்படி வந்தால் அலகைத் திரும்பப் பாருங்கள்.

ஒரு இணைப்பில் 0.1 வோல்ட், அதாவது 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் சுத்தம் செய்யணும். மைனஸை முதலில் கழற்றி, இரண்டு கிளாம்ப்பையும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் 40 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது.

மீட்டர் விஷயத்தில் என் ஓட்டு, ரேஞ்சைக் கையால் திருப்பும் மஞ்சள் மீட்டருக்கே. தானாக ரேஞ்ச் மாற்றும் மீட்டரில் மில்லி எப்போது வோல்ட்டாகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

பின்சேர்க்கை: 200 சின்ன எம் ரேஞ்சில் ‘1’ மட்டும் வருகிறது, அது 1 வோல்ட்டா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை, அளவு ரேஞ்சைத் தாண்டிவிட்டது என்று பொருள். மேல் ரேஞ்சுக்குத் திருப்புங்கள். மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்தபடி வீட்டு 230 வோல்ட் பிளக்கில் முனையைச் செருகிவிடாதீர்கள்.

தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் கம்பி இணைப்பு) தரும் மில்லிவோல்ட்டை எப்படிக் கணக்கிடுவது என்று ஓசூரில் ஃபர்னஸ் வேலை பார்ப்பவர் கேட்டதற்கு: கே வகை தெர்மோகப்பிள் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். 100 டிகிரி வித்தியாசத்துக்கு 4100 மைக்ரோவோல்ட், அதாவது 4.1 மில்லிவோல்ட். ஃபர்னஸின் வெப்பநிலை வேண்டுமென்றால், மீட்டர் இருக்கும் இடத்தின் வெப்பநிலையையும் அந்த 100 டிகிரியோடு கூட்டிக்கொள்ளுங்கள்.