தனுஷ்கோடி பழைய ரயில் தடம்: நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தனுஷ்கோடி பார்த்துவிட்டேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பார்த்தது அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தைத்தான். 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் வேனில் மணல்மேட்டில் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். இப்போது காரில் போய் இறங்கி, ஒரு செல்ஃபி எடுத்து, மாங்காய் கீற்று தின்றுவிட்டு அரை மணியில் திரும்பிவிடலாம். சாலை வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அங்கே குடியிருக்கும் மீனவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ரயில் ஓடிய தடமும் அதை ஒட்டிய ஊரும் இறங்கி நடப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நடக்க வருகிறவர்களும் ஒரு தப்புக் கணக்கோடுதான் வருகிறார்கள். ராமேஸ்வரம் ஸ்டேஷனிலிருந்து தண்டவாளம் நீண்டு போயிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம் என்று நினைக்கிறார்கள். பழைய ஏற்பாடு அப்படி இல்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது முக்கியப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரம் அதிலிருந்து பிரிந்த கிளை. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயிலின் பயணிகள் தனுஷ்கோடி துறையில் இறங்கி, கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் பயணிகளோடு கொண்டுபோனது. பிறகு ஊர் குடியிருக்கத் தகாதது என்று அரசு அறிவித்துவிட்டது. மறுபடி ரயில் விட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், ரயில் வரவில்லை. ஆகவே தொடர்ச்சியான தண்டவாளத்தைத் தேடாதீர்கள். ஓரிடத்தில் மண்மேடு தெரியும், ஓரிடத்தில் ஒன்றுமே இருக்காது. ஸ்டேஷனின் சுவர், தண்ணீர்த் தொட்டி, தேவாலயம் ஆகியவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டு நடப்பதுதான் வழி.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கடிகாரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டுவிட்டுக் காற்றை மறந்துவிடுவது. சத்திரத்திலிருந்து பழைய ஊர் 5 கிலோமீட்டர், அங்கிருந்து முனை 4.5. ஒன்பதரை கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். திரும்பி வரவும் அதே தூரம் இருக்கிறது, ஆக மொத்தம் 19 கிலோமீட்டர். நிழல் என்று சொல்ல எதுவும் கிடையாது. மே தொடங்கி ஆகஸ்ட் வரை கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, வீசும் காலம். முனை கிழக்குப் பக்கம் இருப்பதால் போகும்போது காற்று முதுகைத் தள்ளும், நடையே சுகமாக இருக்கும், ‘இவ்வளவுதானா’ என்று துணிச்சல் வந்துவிடும். திரும்பும்போது அதே காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அந்நேரம் தண்ணீரும் தீர்ந்திருக்கும். அந்த மாதங்களில் வருகிறவர்கள் போகும்போது பஸ்ஸில் போகாமல் நடந்து போய், வரும்போது பஸ் ஏறுவது புத்திசாலித்தனம். வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்று காலத்தில் இது தலைகீழ்: முனைக்குப் பஸ்ஸில் போய்விட்டு அங்கிருந்து நடந்து வாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும் இருக்கும் என்பதால், வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பவே வேண்டாம். பைக்கில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கச்சான் காலத்தில் மணல் தாரின்மேல் படிந்து கிடக்கும், வளைவில் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

கடலைப் பற்றியும் ஒரு அரைகுறை நம்பிக்கை உண்டு. வடக்கே பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். இதைக் கேட்டுவிட்டு வடக்குப் பக்கம் எப்போதும் சாதுவாக இருக்கும் என்று குளிக்க இறங்குகிறார்கள். வாடை வீசும்போது வடக்குக் கடல்தான் கொந்தளிக்கும், தெற்கு அடங்கியிருக்கும். முனையில் இரண்டு பக்க நீரோட்டமும் ஒன்றோடொன்று மோதுவதால் எந்தக் காலத்திலும் அங்கே இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்திலேயே சட்டையைக் கழற்றி வைக்கிற ஆட்களை என்ன சொல்வது?

வடக்கே ஊருக்கும் கடலுக்கும் நடுவில் காய்ந்த தரை மாதிரி விரிந்து கிடப்பதும் நம்பத்தக்கதல்ல. மேலே உப்பு பூத்திருக்கும், கீழே உளை. கால் முழங்கால் வரை போய்விடும். பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இரை தேடுவது அந்தச் சேற்றில்தான். அவற்றுக்காக 2025-ல் தமிழக அரசு இங்கே சரணாலயம் அறிவித்தது. போட்டோவுக்காக அவற்றை நோக்கி ஓடி, கூட்டத்தைக் கிளப்பிவிடுவது வீடியோவில் அழகாக இருக்கலாம், பறவைக்கு அது இரை போன பொழுது. சாலையோரமே நின்று பைனாகுலரில் பாருங்கள்.

தேவாலயச் சுவரில் ஏறாதீர்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது அது, உப்புக்காற்று தின்று தின்று ஏற்கெனவே உதிர்கிறது. கீழே கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் கூடாது. 2001-ல் பவளப்பாறையையும் கடலட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். விற்பதோடு வாங்கி வைத்திருப்பதும் குற்றம்தான். கடையில் கிடைக்கும் சிப்பி மாலை போதுமே.

செத்துப்போன ஊர், பேய் ஊர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்காத இன்னொன்று. ஓலைக் குடிசைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். கரைவலை இழுக்கும்போது கயிறு மணலில் நெடுந்தூரம் கிடக்கும். அதை மிதித்துத் தாண்டாமல், ‘அண்ணே, போகலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சுற்றிப் போங்கள். மணலில் தோண்டிய ஊற்றுகளைக் கண்டால் கை கால் கழுவாதீர்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. ஆழம் குறைவாகத் தோண்டி அதை மட்டும் அகப்பையில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் குடிதண்ணீர் அதுதான்.

செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல் ஊசி மாதிரி குத்தும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. வேறு சாமான் தேவையில்லை.

பொழுது சாய்ந்தபின் அங்கே தங்க விடமாட்டார்கள், போலீஸ்காரர்கள் வந்து கிளப்பிவிடுவார்கள். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு நிதானமாக நடக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் காலையிலேயே விட்டுவிடுங்கள். விடிந்ததும் நடையைத் தொடங்கி, பத்து மணிக்குள் முக்கால்வாசி முடிக்கப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் ஏறும்போதே திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் கை காட்டினால் நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.