கோழி ரோஸ்ட்டும் சூப்பும்: எங்கே சறுக்குகிறோம்?

இன்று முழுக்கோழி ரோஸ்ட், மிஞ்சும் எலும்பில் நாளைக்கு சூப். குளிர்காலத்துக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. ஒரே கோழி என்றாலும் இரண்டும் கேட்பது நேரெதிரான பக்குவம். ரோஸ்ட்டுக்கு உலர்ந்த தோலும் கடும் சூடும் வேண்டும். சூப்புக்கு நீரும் நிதானமான தீயும் வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றதற்குச் செய்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு, பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஆனால் கோழியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் கழுவினால் ஒழிவதில்லை. தெறிக்கும் தண்ணீரோடு தொட்டி, மேடை, பக்கத்தில் நறுக்கி வைத்த காய் என எல்லா இடத்துக்கும் பரவுகின்றன. அவற்றைக் கொல்வது அடுப்பின் சூடுதான். அழுக்கோ எலும்புத் துணுக்கோ கண்ணில் பட்டால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கழுவாமல் இருப்பதால் ரோஸ்ட்டுக்கும் லாபம் உண்டு. தோலில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். தோல் நன்றாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஈரக்கோழியை ஓவனில் வைத்துவிட்டு, தோல் ஏன் வெளிறித் தொளதொளவென்று இருக்கிறது என்று மசாலாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்குச் சரியான வழி, முந்தைய நாளே உப்புத் தடவிவிடுவது. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 15 முதல் 20 கிராம் உப்பு. வெளியிலும் வயிற்றுக்குள்ளும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். முதலில் தோலின் மேல் நீர் முத்து முத்தாக அரும்பும். சிறிது நேரத்தில் அந்த நீரிலேயே உப்பு கரைந்து இறைச்சிக்குள் திரும்ப இறங்கும். மறுநாள் பார்த்தால் தோல் சற்றே கண்ணாடித் தன்மையோடு இழுத்துக் கட்டியதுபோல் இருக்கும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாது. கடைசி நேரத்தில் தூவிய உப்பு தோலோடு நின்றுவிடும். உள்ளே கறி சப்பென்றே இருக்கும்.

ஃப்ரீசரில் இருந்த கோழி என்றால் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே உருக விட வேண்டும். சமையல் மேடையில் வைத்தால் வெளிப்புறம் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்த பிறகும் நடுவே பனிக்கட்டி இருக்கும்.

அடுத்தது பாத்திரம். ஆழமான பாத்திரத்தில் கோழியை இறக்கி, சுற்றிலும் உருளைக்கிழங்கையும் காரட்டையும் அடைத்து, "காய்ந்துவிடக் கூடாதே" என்று ஒரு டம்ளர் தண்ணீரையும் ஊற்றினால் நடப்பது ரோஸ்ட் அல்ல, ஆவியில் வேகவைப்பது. ஓரம் உயராத தட்டு, கம்பித் தாங்கி இருந்தால் அதன்மேல் கோழி, காய்களுக்கு இடையே இடைவெளி, முன்கூட்டியே 200 முதல் 220 டிகிரி வரை சூடேற்றிய ஓவன்: இவை போதும். வாத்தாக இருந்தால் தோலை மட்டும் ஆங்காங்கே குத்திவிடுங்கள், கறியில் படாமல். அதன் கொழுப்பு வழிந்தோட வழி வேண்டும்.

வெந்ததா என்பதை எப்படி அறிவது? "ஒன்றரைக் கிலோவுக்கு இத்தனை நிமிடம்" என்ற கணக்கை ஒரு உத்தேசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓவனுக்கு ஓவன் சூடு மாறும். வடியும் சாறு தெளிந்தால் வெந்துவிட்டது என்பதையும் நம்ப முடியாது. நன்றாக வெந்த இளங்கோழியிலும் எலும்போரம் சிவப்பாகத் தெரிவதுண்டு. உணவுத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மசாலா டப்பாக்களுக்குச் செலவழிப்பதைவிட இது உருப்படியான செலவு. தொடையின் பருத்த பகுதியில், எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள். நெஞ்சுக்கறியிலும் ஒரு முறை பாருங்கள். எங்கே பார்த்தாலும் 74 டிகிரிக்குக் குறையக் கூடாது. வயிற்றுக்குள் எதையாவது திணித்திருந்தால் அதன் நடுப்பகுதிக்கும் இதே அளவுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொடைக்கறி 80 டிகிரியைத் தாண்டினால்தான் மெத்தென்று ஆகும். அதற்குள் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். முழுக்கோழியில் இரண்டையும் சமாளிக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, கத்தரிக்கோலால் முதுகெலும்பை இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டு, கோழியைப் புரட்டி நெஞ்சின்மேல் கையை ஊன்றி அழுத்துவது. நடு எலும்பு 'மடக்'கென்று முறியும், கோழி தட்டையாகப் படுத்துவிடும். தொடைகள் வெளிப்பக்கமாக வந்து சூட்டை நேராக வாங்கும், நேரமும் குறையும். மேசையில் முழுக்கோழியாக நிமிர்ந்து உட்காராதுதான். அதற்கு ஆசைப்படுபவர்கள் நெஞ்சுக்கறி கொஞ்சம் வறண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ளட்டும். வெட்டிய முதுகெலும்பு சூப்புக்கு.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். கால் மணி நேரம் இருக்கட்டும், இல்லையென்றால் சாறெல்லாம் வெட்டுப்பலகைக்குத்தான் போகும். அந்த நேரத்தில் அலுமினியத் தாளால் இறுக்கி மூடினால் ஆவி தேங்கி, மொறுமொறுப்பு போய்விடும்.

இனி சூப். எலும்பை முங்கும் அளவுக்குக் குளிர்ந்த நீர், அதற்குமேல் வேண்டாம். பானை நிறைய ஊற்றிவிட்டு ருசி இல்லை என்று சூப் கட்டியைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. தளதளவென்று கொதிக்கவிடுவது அடுத்த தவறு. கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்துவிடும். சாறு கலங்கிப் போய், குடித்தால் நாக்கில் பிசுக்கென்று ஒட்டும். ஓரத்தில் அவ்வப்போது ஒரு குமிழ் எழும் அளவுக்குத் தீயைக் குறைத்து, நுரையை வழித்துவிட்டு, மூன்று மணி நேரம் விடுங்கள். வெங்காயம், காரட், செலரியை கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் போதும்.

உப்பு மட்டும் இறுதியில். ரோஸ்ட் செய்த எலும்பில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. நீர் சுண்டச் சுண்ட அது ஏறும். கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாகப் பிரித்து உறிஞ்சுவதில்லை, உப்புநீரைத்தான் குடிக்கிறது. உப்பில்லாத நீரோ சாறோ சேர்ப்பதே வழி. உப்பு சரியாக இருந்தும் சுவை எடுபடவில்லை என்றால் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்.

நூடுல்ஸைத் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் சேருங்கள். பானையிலேயே போட்டால் மறுநாள் சாறு இருக்காது, கூழ்தான் இருக்கும். உருளைக்கிழங்கு சூப்பை மிக்ஸியில் நெடுநேரம் அரைத்தால் பசையாகிவிடும், மத்தால் மசிப்பதே நல்லது. எந்தச் சூப்பானாலும் சூடாக இருக்கும்போது மிக்ஸியை நிரப்பி மூடாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி எறிந்து கையைச் சுட்டுவிடும்.

மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் சூப் கட்டியாக ஆடுகிறது. கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பாவம், அது மிக நன்றாக வந்ததன் அடையாளம். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறியிருக்கிறது, சூடேற்றினால் கரைந்துவிடும்.

உண்மையில் கெடுவது வேறு விதத்தில். "கொதித்ததுதானே, ஒன்றும் ஆகாது" என்று பெரிய பானையை இரவு முழுக்க அடுப்பின் மேலேயே விடுவதால் கெடுகிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் விதைநுண்மங்கள் கொதியிலும் பிழைத்துக்கொள்ளும். பானை மெதுவாக ஆறும் மணிநேரங்களில் முளைத்துப் பெருகும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, பனிக்கட்டி நீரில் அமர்த்தி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசருக்கு என்றால் டப்பாவின் மேல்பகுதியில் இரண்டு விரல் இடம் விடுங்கள். உறையும்போது விரியும், கண்ணாடி பாட்டில் வெடிக்கும். குடிக்கும் அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். மீதியைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.